என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்?

வேலை சிங்கப்பூரில், வாடகை வீடு ஜொகூர் பாருவில், அடையாள அட்டையில் இன்னும் சுங்கை சிப்புட் முகவரி. என்னைப் போல் எத்தனையோ பேர் இருக்கிறோம். பொதுத் தேர்தல் வந்தால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். பேருந்துக் கட்டணம், ஒரு நாள் விடுப்பு, நெடுஞ்சாலை நெரிசல், வாக்குச்சாவடி வரிசை எல்லாம் சேர்ந்தால் செலவு கொஞ்சமில்லை. என் தம்பி ஒருமுறை நேராகவே கேட்டான்: "அக்கா, நீ போகாவிட்டாலும் அதே ஆள்தானே ஜெயிப்பார்?"

குறும்புக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. அரசியல் அறிவியலில் பெரிய பெரிய மூளைகளைக் குடைந்த கேள்வி அது. அமெரிக்கரான அந்தோணி டவுன்ஸ் இதைப் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது 1957இல், நாம் சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில். மனிதன் லாப நட்டம் பார்த்தே முடிவெடுக்கிறான் என்று வைத்துக்கொண்டால், ஓட்டுப் போடுவது நட்டக் கணக்கு. நம் ஒரு ஓட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் அலைச்சல் நிச்சயம்.

கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். 2013இல் அங்கே டத்தோஸ்ரீ ஜி. பழனிவேல் 462 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். 2018இல் அதே தொகுதியில் வித்தியாசம் 597. இழுபறி என்று நாம் சொல்லும் தொகுதியிலேயே நிலைமை இதுதான். தோற்ற தரப்பின் ஆதரவாளர் ஒருவர் அன்று வீட்டில் தூங்கியிருந்தால் அவரால் எதுவும் கெட்டிருக்காது. அவரைப் போல் ஐந்நூறு பேர் தூங்கியிருந்தால்? சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் கணக்கும் சரி, கூட்டிப் பார்த்தால் எல்லாருக்கும் நட்டம்.

இதையே இன்னும் விரித்துச் சொன்னவர் மன்சர் ஓல்சன், 1965இல். ஒரு நன்மை எல்லாருக்கும் கிடைக்கும் என்றால், அதற்காக உழைக்காமலே அதை அனுபவிக்கத்தான் பலரும் பார்ப்பார்கள் என்றார். கூட்டம் பெரிதாகப் பெரிதாக இந்தப் போக்கும் அதிகமாகுமாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க அமெரிக்கப் பேராசிரியர் தேவையில்லை. 1954இல் உருவான தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் பேசி வாங்கிய சம்பளம், சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒன்றுதான். 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது: கூட்டு ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் தொழிலாளர் அனைவரையும் சேரும், உறுப்பினரா இல்லையா என்று பார்க்காது. நியாயமான விதிதான். ஆனால் சந்தா கட்டிய மனிதருக்கு எவ்வளவு வயிறு எரிந்திருக்கும் என்பதை எங்கள் தாத்தா வாயால் நிறையவே கேட்டிருக்கிறேன்.

டவுன்ஸ், ஓல்சன் இருவர் கணக்கும் சரியாக இருந்தால் 2018 மே 9 நடந்திருக்கவே கூடாது. வாக்களிப்பு நாள் புதன்கிழமை என்று ஏப்ரல் 10ஆம் தேதி தேர்தல் ஆணையம் அறிவித்தது. வார நடுவில் வைத்தால் வெளியூர்க்காரர்கள் எப்படி வருவார்கள் என்று ஒரே கொந்தளிப்பு. மறுநாளே அரசாங்கம் அதைப் பொது விடுமுறையாக்கியது. ஆனால் அந்த விடுமுறை சிங்கப்பூரில் வேலை செய்யும் நமக்கு உதவுமா? எங்களைப் போன்ற தனியார் ஊழியர்களுக்கு அப்போது அஞ்சல் ஓட்டும் கிடையாது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் வியப்பு. முன்பின் தெரியாதவர்கள் சமூக ஊடகத்தில் கார் இருக்கைகளைப் பகிர்ந்துகொண்டார்கள். டிக்கெட் வாங்க முடியாத மாணவர்களுக்கு யார் யாரோ பணம் அனுப்பினார்கள். வெளிநாடுகளில் அஞ்சல் ஓட்டுச் சீட்டு தாமதமாகக் கைக்கு வந்தவர்கள், விமான நிலையத்தில் ஊர் திரும்புபவர்களைத் தேடிப்பிடித்துச் சீட்டுகளைக் கொடுத்தனுப்பினார்கள். என்ன லாபத்துக்காக ஒருவர் இன்னொருவருடைய ஓட்டை நாடு கடந்து சுமந்து வருகிறார்? அன்று வாக்களித்தவர்கள் 82 விழுக்காட்டுக்கும் மேல். சுதந்திரம் முதல் ஆண்டுவந்த கூட்டணி 61 ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சியை இழந்தது.

இதை விளக்க அறிஞர்கள் 1968லேயே ஒரு ஒட்டுப் போட்டுவிட்டார்கள். ஓட்டுப் போட்டால் கடமையைச் செய்த மனநிறைவு கிடைக்கிறது, அதுவும் ஒரு லாபம்தான் என்று ரைக்கர், ஆர்டெஷூக் என்ற இருவர் கணக்கில் சேர்த்தார்கள். எனக்கு இது அவ்வளவாக ஒப்பவில்லை. மனிதன் எதைச் செய்தாலும் "அதில் அவனுக்கு ஒரு சுகம்" என்று சொல்லிவிட்டால் எந்தக் கோட்பாடும் தோற்காது. எலினோர் ஓஸ்ட்ரம் சொன்னது நடப்புக்கு நெருக்கமாகப் படுகிறது. 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர். மற்றவர்களும் தம் பங்கைச் செய்கிறார்கள் என்று கண்ணால் கண்டால் மனிதர்கள் தாங்களும் செய்வார்கள் என்றார். 2018இல் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசைக்காரர் விடுப்பு எடுத்துப் போகும்போது நாம் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பது?

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்கே 1959 முதல் வாக்களிப்பது கட்டாயம். தவறினால் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கும். தகுந்த காரணம் இல்லாவிட்டால் மறுபடி சேர்க்க 50 வெள்ளி. தம்பியின் கேள்விக்கு அங்கே வேலையே இல்லை.

நம் நாட்டில் 2022இல் 18 வயதினருக்கும் வாக்குரிமை, பதிவு தானாகவே நடந்தது. வாக்காளர் எண்ணிக்கை சுமார் ஒரு கோடியே ஐம்பது லட்சத்திலிருந்து இரண்டு கோடியே பத்து லட்சத்தைத் தாண்டியது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 74 விழுக்காடுதான். "இளையோருக்கு அக்கறை இல்லை" என்று அப்போது பலரும் சொன்னார்கள். அவசரத் தீர்ப்பு அது. முன்பெல்லாம் படிவம் பூர்த்தி செய்து பதிந்துகொள்ளும் அளவுக்கு ஆர்வமுள்ளவர்கள் மட்டுமே பட்டியலில் இருந்தார்கள். இப்போது எல்லாரும் இருக்கிறார்கள். விழுக்காடு குறைந்தாலும் வந்து போட்டவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது.

தம்பியின் கணக்கில் இரண்டு பக்கம் உண்டு: லாபம் ஒன்று, செலவு ஒன்று. கடமை, பொறுப்பு என்ற பேச்சுகள் எல்லாம் லாபத்தின் பக்கத்தையே ஊதுகின்றன. செலவைக் குறைப்பது அதைவிட எளிது. சபா, சரவாக்கிலிருந்து தீபகற்பத்துக்கு வந்து வேலை செய்பவர்களில் பலர் 2022லும் ஓட்டுப் போட விமானம் ஏற வேண்டியிருந்தது. தேர்தல் நேரத்தில் அந்த டிக்கெட் விலை என்னவாகும் என்று கோத்தா கினபாலுக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.