கடற்கரை உவர் நிலத்தில் எண்ணெய் வித்துப் பயிர்கள்

நாகப்பட்டினம், வேதாரண்யம் முதலிய கடற்கரைப் பகுதிகளில், வரப்பின் ஒருபுறம் நிலக்கடலை செழித்து நிற்க, மறுபுறம் முளையே காணாது நிலம் வெறுமையாய்க் கிடப்பதைக் காணலாம். விதையும் பருவமும் ஒன்றே. வேறுபடுவது மண்ணிலுள்ள உப்பு. சங்கத்தில் கடன் பெற்று விதை வாங்கிய அங்கத்தினருக்கு இது அற்ப விஷயமன்று. முளைக்காத விதைக்கும் வட்டி உண்டு.

உப்பு செய்யும் தீங்கு யாது? மண் ஈரத்தில் உப்பு மிகுந்தால், வேர் அந்நீரை உறிஞ்ச இயலாது. நிலம் ஈரமாயிருந்தும் பயிர் வாடும். முளைக்கும் பருவத்திலேயே இத்தீங்கு பெரிதும் நேருகின்றது. கோடையில் நிலத்தடி உப்புநீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி, நீர் ஆவியாக, உப்பு மட்டும் மேற்பரப்பில் வெண்பொடியாய்த் தங்குகின்றது.

உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு என்பதை முதலில் உணர வேண்டும். உவரில் கரையும் உப்புகள் மிகுதி. அதற்கு மருந்து நல்ல நீரும் வடிகாலுமே. களரில் சோடியம் களிமண்ணோடு ஒட்டி மண்ணை இறுகச் செய்யும், அதன் பி.எச். அளவு 8.5க்கு மேற்பட்டிருக்கும். ஜிப்சம் வேண்டுவது களருக்கே. வெறும் உவர் நிலத்தில் அதனைக் கொட்டுதல் வீண் செலவு. கடல்நீர் தங்கிய களிமண் நிலத்தில் இரு குற்றங்களும் சேர்ந்திருத்தலும் உண்டு. ஆங்கு ஜிப்சம் இட்ட பின்னரே நீர் கட்டி வடித்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை புகுந்த நிலங்களுள் வடிகால் அமைந்தவை பல, பின்வந்த மழைகளால் கழுவப்பெற்று மீண்டும் சாகுபடிக்கு வந்தன.

இனி, எந்நிலத்திற்கு எப்பயிர்? மண்ணின் உப்பை மின் கடத்துதிறனால் அளப்பர். நிறைவுற்ற மண்சாற்றில் அது 3.2 டெசி சைமன் வரை நிலக்கடலைக்குக் குறைவில்லை, 4.9 ஆயின் விளைச்சல் பாதியாகும். சூரியகாந்தியோ 4.8 வரை தாங்கும். அதற்கு மேல் ஒவ்வோர் அலகிற்கும் சுமார் நூற்றுக்கு 5 பங்கே குறையும். எள் உப்புக்கு அஞ்சும் பயிர். தென்னை உப்பைப் பொறுக்குமாயினும், வேரடியில் நீர் தேங்கலாகாது. ஆய்வுக்கூடத்தில் மண்ணோடு மிகுதியாக நீர் கலந்து அளப்பின் எண் குறைந்தே வரும். ஆதலின் எம்முறையில் அளந்தனர் என்பதைக் கேட்டறிதல் அவசியம்.

சாகுபடியில் கவனிக்க வேண்டியவை சில. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கி, பின்னர் வடித்துவிடுக. வடிகாலின்றித் தேக்கின் உப்பு நிலத்திலேயே தங்கும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதல் நன்று. மழை ஓய்ந்ததும் மார்கழிப் பட்டத்தில் காலம் தாழ்த்தாது விதைக்க வேண்டும். பாருக்குப் பாய்ச்சும் நீர் உப்பைப் பாரின் உச்சியில் சேர்க்கும். ஆகவே உச்சியில் ஊன்றாது, பக்கச் சரிவில் ஊன்றுக. வைக்கோல் பரப்பினால் ஆவி குறைந்து உப்பு மேலேறுதல் தடைப்படும். உப்புக் கிணற்று நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்தல் கூடாது.

நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ ஜிப்சம் இடுவது காய் திரளும் பொருட்டேயாம்; நிலத்தின் உவரைப் போக்க அன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளற்க.

ஆகவே, விதைக் கடனுக்கு மனுச் செய்யுமுன், வயலின் பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ மண்ணையும் ஒரு புட்டி கிணற்று நீரையும் ஆய்வுக்கு அனுப்புக. முடிவு கண்டு பயிரைத் தேர்ந்தால், விதையும் வீணாகாது, தவணையும் தவறாது.