உஷார்! செருப்புக் காலோடு பனிமலைக்குப் போகிறவர்களே!

டிசம்பர் விடுமுறைக்குப் பனி பார்க்கக் கிளம்புகிறவர்களே, டிக்கெட் போட்டாச்சு, ஜாக்கெட் வாங்கியாச்சு, குரங்குக் குல்லாவும் வாங்கியாச்சு. பூட்ஸுக்கு லேஸ் கட்டத் தெரியுமா? சிரிக்காதீர்கள். ஒன்றாம் வகுப்பிலேயே படித்த பாடம்தானே என்ற தைரியத்தில்தான் எல்லோரும் ஏறுகிறார்கள். இறங்கி வரும்போது கட்டைவிரல் நகம் கறுத்து, குதிகால் தோல் உரிந்து, பக்கத்தில் வருபவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிறார்கள். இதோடு தப்பினால் பாக்கியம். பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரில் லேஸை இறுக்கி, விரல்களுக்குப் போகும் ரத்தத்தையும் தடுத்துக்கொண்டால் பனிக்கடி வரும். பனிக்கடி முற்றினால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும்.

கொச்சி மட்டாஞ்சேரிக்காரர்களான நம்மைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் இருப்பது கடல் மட்டத்தில். பஜார் ரோட்டில் மூட்டை தூக்குகிறவர் முதல் ஜூ டவுனில் கடை வைத்திருப்பவர் வரை வருஷம் பூராவும் காலில் செருப்புதான். கடல் ஏறும் வேலியேற்றத்தில் காயல் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டால் அந்தச் செருப்பும் கைக்குப் போய்விடும். பள்ளிக்கூடம் முடிந்த அன்றே லேஸுக்கு விடை கொடுத்த கால்கள் இவை. இப்படி வளர்ந்த கால் விரிந்துதான் இருக்கும். இந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை அளந்து பெல்ஜிய ஆய்வாளர்கள் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஷூ போட்டு வளர்ந்த கால்களைவிட அவை அகலம் என்பது அதில் தெரிந்தது. இந்தக் காலை எடுத்துக் குறுகலான வெளிநாட்டு பூட்ஸுக்குள் திணித்து, லேஸ் கோக்கும் கீழ்க் கண்ணிலிருந்து மேல் கொக்கி வரை ஒரே இறுக்காக இழுத்துக் கட்டினால் என்ன ஆகும்? முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகாது. அதனால்தான் இது ஆபத்து.

மேலே ஏற ஏறக் கால் வீங்கும். காலை ஆறு மணிக்குக் கச்சிதமாக இருந்த கட்டு பத்து மணிக்கு விலங்காகிவிடும். முதலில் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும். அங்கே தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதை அதிகமில்லை; நரம்பும் தசைநாணும் லேஸுக்கு நேர் கீழே ஓடுகின்றன. குளிரால் மரத்ததாக நினைத்து அப்படியே நடப்பவர்கள் உண்டு. கட்டைத் தளர்த்தி, விரல்களை அசைத்து, சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். உணர்ச்சி திரும்பினால் குற்றவாளி லேஸ்தான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். நரம்பு பாதிக்கப்பட்ட கால் வலியைச் சொல்லாது, மரத்ததையும் சொல்லாது. கேரளத்தில் வீட்டுக்கு ஒருவராவது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற மாதிரிதான் இருக்கிறது. அவர்களில் பலரும் இப்போது குடும்பத்தோடு மணாலிக்கும் குல்மார்க்குக்கும் போகிறார்கள். கால் சொல்லாததைக் கண்தான் பார்க்க வேண்டும். தங்குமிடம் போய்ச் சேர்ந்ததும் சாக்ஸைக் கழற்றி, விரல் இடுக்கு வரை வெளிச்சத்தில் பாருங்கள்.

சரி, எப்படித்தான் கட்டுவது? பூட்ஸைப் போட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ளி உட்கார வையுங்கள். பூட்ஸின் நாக்கு ஒரு பக்கமாகச் சாயாமல் நேராக இருக்கட்டும். முன்பாதத்தின் மேல் வரும் லேஸ் தளர்வாகவே இருக்கலாம். கால் ரொம்ப அகலமென்றால் அடியில் உள்ள முதல் ஜோடிக் கண்ணை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து கோத்தாலும் தப்பில்லை. பாதத்தின் மேட்டில் ஓரிடத்தில் மட்டும் உறுத்துகிறதா? அந்த இடத்தில் குறுக்கே போகாமல், இரு பக்கமும் லேஸை நேராக மேல் கண்ணுக்கு ஏற்றிவிட்டு அங்கிருந்து மறுபடி குறுக்கே போடுங்கள். உறுத்துமிடத்தில் ஜன்னல் மாதிரி ஓர் இடைவெளி கிடைத்துவிடும்.

எப்போதும் இறுக்கம் வேண்டியது ஒரே ஓர் இடத்தில்: பாதம் கணுக்காலாக மடியும் அந்த வளைவில். குதிகால் பூட்ஸுக்குள் எழும்பாமல் பிடிப்பது அதுதான். அது தளர்ந்தால் ஏறும்போது குதிகால் உரசிக் கொப்புளிக்கும். இறங்கும்போது பாதம் முன்னால் சறுக்கி நகம் இடிபடும். அந்த வளைவுக்கு வந்ததும் இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு, ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இன்னொரு சுற்றும் சுற்றி இழுங்கள். தையல் நழுவாமல் இருக்க அறுவை மருத்துவர்கள் போடுகிற இரட்டைச் சுற்று இது. கையை எடுத்தாலும் நழுவாது. கீழே ஓர் இறுக்கம், மேலே வேறோர் இறுக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். அதற்கு மேலே உள்ள கொக்கிகளில் லேஸைக் கீழிருந்து மாட்டாமல், மேலே கொண்டுபோய்க் கீழ்நோக்கி வளைத்து மாட்டிவிட்டுக் குறுக்கே போங்கள். ஏறும்போது கணுக்கால் மடங்க வேண்டும், மேல் கொக்கிகளைத் தளர்த்துங்கள். உச்சியில் போட்டோ எடுக்க நிற்கிறீர்களே, இறங்குவதற்கு முன் அங்கேயே உட்கார்ந்து மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். கேதார்காந்தா சிகரத்தின் 12,500 அடி உயரத்தில் செல்ஃபிக்குக் காட்டும் அக்கறையில் பாதி லேஸுக்குப் போதும்.

முடிச்சு அவிழ்வதையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2017இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பொறியாளர்கள் ஓடுகிற காலை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார்கள். கால் தரையில் மோதும்போது புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு விசை முடிச்சைத் தாக்கித் தளர்த்துகிறது; அதே நேரம் ஆடுகிற லேஸ் நுனிகள் அதை வெளியே இழுக்கின்றன. வெகுநேரம் ஒன்றும் ஆகாத முடிச்சு, தளர ஆரம்பித்தால் நொடிகளில் அவிழ்ந்துவிடும். முடிச்சைப் பிடித்து வைப்பது உராய்வு மட்டுமே. ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் நம் வண்ணார் குடும்பங்கள் துணி உலர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள்: கிளிப்பே கிடையாது, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் ஓரத்தைச் செருகிவிடுவார்கள், கடல் காற்றுக்கும் அசையாது. லேஸும் அப்படித்தான் பிடிக்கிறது, சரியாகக் கட்டினால்.

சரியாகக் கட்டியிருக்கிறோமா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். முடிச்சின் இரண்டு காதுகளும் பூட்ஸுக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் நல்ல முடிச்சு. ஒரு காது விரலையும் மற்றது முழங்காலையும் பார்த்துத் திரும்பி நின்றால் அது உருவிக்கொள்ளும் முடிச்சு. கட்ட ஆரம்பிக்கும்போது போடும் முதல் சுற்றை மட்டும் எதிர்த்திசையில் போட்டால் சரியாகிவிடும். பாதிப் பேர் பிறந்ததிலிருந்து தவறான முடிச்சுதான் போடுகிறார்கள் என்பது என் சந்தேகம். காதுகளைத் தொங்க விடுவதும் ஆபத்து. ஒரு பூட்ஸின் காது மறு பூட்ஸின் கொக்கியில் மாட்டிக்கொண்டால் இரண்டு காலும் கட்டிப்போட்டதுபோல் ஆகி முகம் குப்புற விழுவீர்கள். மிச்சத்தை உள்ளே செருகிவிடுங்கள்.

பனிச்சறுக்குக்கு ஔலி, குல்மார்க் போகிறவர்கள், அங்கே வாடகை பூட்ஸில் லேஸ் ஏது, பக்கிள்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் சறுக்குப் பலகையோடு மலை ஏறிப் போகிறவர்கள் போடும் பூட்ஸ் பலவற்றில் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் மெத்தென்று ஓர் உள் பூட்ஸ் இருக்கும். அதில் லேஸ் உண்டு. அதை ஏனோதானோவென்று கட்டிவிட்டு வெளிப் பக்கிளை முறுக்கி ஈடுகட்டப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. உள்ளே குதிகால் ஆடினால் வெளியே எவ்வளவு முறுக்கினாலும் ஆடும். முறுக்க முறுக்க விரல்தான் விறைக்கும். ரோத்தாங் போகிற வழியில் வாடகைக்குக் கிடைக்கும் கம்பூட்ஸ் பற்றி ஒரே வார்த்தை: உங்களுக்கு முன் போட்டவரின் ஈரம் உள்ளே இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

இனி நம்மூருக்கே உரிய ஆபத்து. மூணாறுக்கு மேலே மீசப்புலிமலை போக என்று சில வருஷங்களுக்கு முன் வாங்கிய பூட்ஸ் பீரோவில் புத்தம் புதிதாக இருக்கிறதே, அதைத்தான் எடுத்துப் போகப் போகிறீர்கள். பல மலை பூட்ஸ்களின் நடு சோல் பாலியூரித்தேன். அது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து தானாகவே சிதையும், ஒரு நாள்கூடப் போடாவிட்டாலும் சிதையும். கொச்சியின் புழுக்கமும் நான்கு மாத மழையும் அதற்கு விருந்து. பிளாஸ்டிக் பையில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தால் இன்னும் மோசம். அப்படி ஒரு ஜோடியைத் தெருவோரம் செருப்புத் தைக்கும் தமிழ் அண்ணாச்சியிடம் ஒருவர் ஒட்டக் கொடுத்ததைப் பார்த்தேன். “தம்பி, இது பிஞ்சதில்ல, மாவாப் போயிருச்சு. பசை எதுல ஒட்டும்?” என்று விரலில் ஒட்டிய தூளைக் காட்டினார். கட்டைவிரலால் சோலின் பக்கவாட்டை அழுத்துங்கள், பூட்ஸை நன்றாக வளையுங்கள். வெடிப்போ உதிர்வோ தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். மலையில் சோல் கழன்றால் எந்த முடிச்சும் காப்பாற்றாது. நன்றாக இருந்தால் காற்றாடும் இடத்தில் வையுங்கள். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்கு அடியில் உலர்த்துங்கள், வெயிலிலோ அடுப்பருகிலோ வேண்டாம்.

கடைசியாக லேஸைப் பாருங்கள். பூசணம் பிடித்த பழைய லேஸ் இழுக்கும்போது அறுந்துவிடும். பருத்தி லேஸ் தண்ணீரைக் குடித்து இரவில் உறைந்து கம்பியாக நிற்கும்; விறைத்த விரலால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. கத்தியால் அறுப்பார்கள். மறுநாள் காலையில் எதை வைத்துக் கட்டுவது? நைலான் அல்லது பாலியெஸ்டர் லேஸ் கூடுதலாக ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். அதை இங்கேயே வாங்குங்கள். கேதார்காந்தா ஏறத் தொடங்கும் சாங்க்ரி கிராமத்தைத் தாண்டிவிட்டால் மேலே லேஸ் வாங்கக் கடை கிடையாது.