நட்சத்திரச் சாவுக்கு ஒத்திகை

இன்றைக்கு ஒரு கேலக்ஸியின் நட்சத்திரங்களை மொத்தமாகச் சாகடிக்கப் போகிறோம். கணினியில்தான், பயப்படாதீர்கள்.

முதல் வேலை பகடை உருட்டுவது. விளையாட்டுப் பேச்சல்ல; இந்தக் கணக்குமுறையின் பெயரே மான்டே கார்லோ, சூதாட்ட விடுதிக்குப் பேர்போன ஊர்! ஒரு உருட்டலில் நட்சத்திரம் மிச்சம் வைத்துப்போன மையக்கருவின் நிறை கிடைக்கும். அடுத்த உருட்டலில், அது மேலுறையை உதறி எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது: 0 முதல் 30,000 வரை எதுவும் விழலாம். அந்த வயதில் கரு எவ்வளவு சூடு, சுற்றியுள்ள வாயு எவ்வளவு மின்னும்? அதிலும் ஆக்சிஜன் உமிழும் பச்சை ஒளிக்கோடு, அலைநீளம் 5007 ஆங்ஸ்ட்ராம்! மையக்கருவின் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குகூட இந்த ஒற்றைக் கோட்டில் கொட்டும்.

இப்படி ஆயிரக்கணக்கில் உருட்டினால் எந்தப் பிரகாசத்தில் எத்தனை என்று காட்டும் ஒரு வரைபடம் திரையில் எழும். மங்கல் பக்கம் ஒரே கூட்டம். பிரகாசமான பக்கமோ வெட்டிவிட்டாற்போல் திடீரென நின்றுவிடும்!

அந்த வெட்டுதான் கதாநாயகன். நிஜ வானிலும், சாகும் நட்சத்திரம் உதறிய வாயு மின்னும் கோள்வடிவ நெபுலாக்கள் இந்தப் பச்சைக் கோட்டில் சுமார் மைனஸ் 4.5 என்ற தனி ஒளியளவைவிடப் பிரகாசமாவதில்லை. வானியலாளர்கள் ஜேகோபியும் சியார்டுல்லோவும் 1989-இல் இந்த வெட்டைத் தூரம் அளக்கும் கருவியாகவே ஆக்கிவிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், இளம் நட்சத்திரமே இல்லாத கிழட்டுக் கேலக்ஸிகளிலும் அதே வெட்டு. பழைய மாடல்களோ அது முடியாது என்று அடம்பிடித்தன: கிழட்டு நட்சத்திரத்தின் சிறிய கரு சூடேற அத்தனை காலம் எடுக்கும், அதற்குள் வாயு கலைந்துபோய்விடும் என்று. பல்லாண்டுத் தலைவலி!

2016-இல் அர்ஜென்டினாவின் வானியலாளர் மில்லர் பெர்டோலாமி புதுக் கணக்கு போட்டார். கருக்கள் முன்பு நினைத்ததைவிட 3 முதல் 10 மடங்கு வேகமாகச் சூடேறுகின்றன, கூடுதலாக ஒளிரவும் செய்கின்றன. 2018-இல் வானியலாளர் கெசிக்கி, செயில்ஸ்ட்ராவுடன் சேர்ந்து அதையே நெபுலாக்களுக்குப் பொருத்தினார். ஆஹா! 1.1 முதல் 3 சூரிய நிறை வரை பிறந்த நட்சத்திரங்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே உச்சத்தைத் தொட்டன. நம் சூரியன்? பார்க்கக்கூடிய நெபுலா கிடைக்கும், ஆனால் மங்கல்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போது மியூனிக் குழு ஒன்று, பிரபஞ்சத்தையே உருவகிக்கும் மேக்னெட்டிகம் கணினிக் கணக்குகளுக்குள் இந்த ஆட்டத்தை இறக்கியிருக்கிறது. அங்கே ஒரு 'நட்சத்திரத் துகள்' என்றால் லட்சக்கணக்கான சூரியன்கள். ஒவ்வொரு துகளுக்கும் தனி வயது, தனி உலோகச் செழிப்பு, எனவே தனிப் பகடை!