வேக எச்சரிக்கைகள்: காரிலும் கைப்பேசியிலும்

களமசேரியிலிருந்து ஏலூர் வழியாக வல்லார்பாடம் செல்லும் கன்டெய்னர் சாலையில் டாங்கர் லாரிகளும் கார்களும் இருசக்கர வாகனங்களும் அருகருகே ஓடுகின்றன. இத்தகைய சாலைகளில் வேகச் சோதனையை முன்கூட்டியே உணர்த்தும் என்று கூறி, ரேடார்-லேசர் உணர்கருவிகள் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்க எண்ணுவோர், அவை எழுப்பும் ஒலியின் பொருளை முதலில் அறிதல் நலம்.

வேகத்தை அளக்கும் ரேடார், நுண்ணலையை வாகனத்தின் மீது செலுத்தி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கணக்கிடுகிறது. இதுவே டாப்ளர் விளைவு. 24.15 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்தும் ரேடாரில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நேரே வரும் கார் ஏறத்தாழ 2,700 ஹெர்ட்ஸ் மாற்றத்தை உண்டாக்கும். உணர்கருவி அந்த அலையை ஏற்கும் வானொலிப்பெட்டி போன்றது. எக்ஸ், கே, கேஏ என அது காட்டும் எழுத்துகள் அலைவரிசைப் பட்டைகளின் பெயர்கள். அலையை அனுப்பியவர் யார் என்பதை அவ்வெழுத்துகள் கூறா. கடைகளின் தானியங்கிக் கதவுகளும், பிற கார்களில் பக்கவாட்டு வாகனங்களை உணரும் கருவிகளும் கே பட்டையில் இயங்கக்கூடும். ஆகவே பொய் எச்சரிக்கைகள் மிகுதி.

லேசர் எச்சரிக்கையின் குறை வேறு. லேசர் துப்பாக்கியின் அகச்சிவப்புக் கதிர் 300 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமே பரவும். அளவீடு ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். எனவே கருவி ஒலிக்கும்போது, பெரும்பாலும் நம் காரின் வேகம் முன்னரே பதிவாகியிருக்கும்.

கருவியின் மௌனமும் பாதுகாப்பைக் குறிக்காது. கேரள மோட்டார் வாகனத் துறை, கெல்ட்ரான் நிறுவனத்தின் வாயிலாக நிறுவிய ‘சேஃப் கேரளா’ திட்டத்தில் 726 கேமராக்கள் உள்ளன. 2023 ஜூன் 5 முதல் அவற்றின் பதிவுகளைக் கொண்டு அபராதம் விதிக்கப்படுகிறது. தொடக்க விவரப்படி, அவற்றுள் 675 கேமராக்கள் தலைக்கவசம், இருக்கைப் பட்டை, கைப்பேசிப் பயன்பாடு ஆகியவற்றைப் படமெடுத்துக் கண்டறிபவை. வேகத்திற்கென அமைந்தவை எட்டு மட்டுமே. படத்தை மட்டும் நம்பும் கேமராவின் முன் உணர்கருவி வாய் திறவாது.

அபராதம் விதிக்கப்பட்டால் அடுத்த எச்சரிக்கை கைப்பேசிக்கு வரும். மத்திய அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்த விதி 167ஏ-யின்படி, மின்னணுக் கண்காணிப்பில் பதிவான மீறலுக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். வாகன எண் தெரியும் படம், இடம், தேதி, நேரம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

இந்த அறிவிப்பைப் போலவே போலிகளும் உலவுகின்றன. வாட்ஸ்அப்பில் அபராதச் செய்தி வரும். உடன் ‘ஏபிகே’ என முடியும் கோப்பு இணைந்திருக்கும். அதனை நிறுவினால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுஎண் உள்ளிட்ட குறுஞ்செய்திகள் மோசடியாளர் கைக்குச் செல்லக்கூடும். இலகுரக வாகனத்தின் மிகைவேகத்திற்குச் சட்டம் குறிக்கும் அபராதம் ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை, போலிச் செய்தியாலோ கணக்கிலுள்ள தொகை முழுவதும் பறிபோகலாம்.

எனவே செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாது, பரிவாகன் இ-சலான் அரசுத் தளத்தை நாமே திறந்து, வாகன எண்ணைக் கொடுத்துச் சரிபார்த்தல் வேண்டும். அதன் முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என முடியும். ஐயத்திற்குரிய கோப்பைத் திறந்துவிட்டால் உடனே இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்கவும். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறியது. தெரிவித்த பின் நிகழும் இழப்பை வங்கி ஏற்கும் என்றும் அது கூறியது. ஆதலால் ஒவ்வொரு நிமிடமும் பணமதிப்புடையது.

சாலையிலும் கணக்கு இத்தகையதே. வேகம் 60-லிருந்து 80 கிலோமீட்டராக உயர்ந்தால், தடை போட்டபின் கார் நிற்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ 1.8 மடங்காகும். இதனை நமக்கு உணர்த்த எந்தக் கருவியும் ஒலிப்பதில்லை. வேகமானியின் முள்ளை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.