சிறுதிரையில் தமிழ்: தொடக்கக்காலக் கைப்பேசிகளும் உள்ளடக்க ஆக்கமும்

முன்னுரை

எழுதப்படும் பொருள் எதுவோ அதற்கேற்ப எழுத்தும் மாறும் என்பது தமிழ் எழுத்து வரலாறு காட்டும் உண்மை. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர், ஓலை கிழிந்துவிடும் என்று அஞ்சி மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டு எழுதினர். தாளும் அச்சும் வந்தபின் அப்புள்ளி மீண்டும் தன் இடத்தைப் பெற்றது. கல், ஓலை, தாள், கணினி என்னும் வரிசையில் ஐந்தாவதாக வந்தது கைப்பேசித் திரை. அதன் தொடக்கக் காலத்தில், பெருவிரல் அகலமே உள்ள திரையில், படிப்பவரோடு உரையாடும் செறிவான உள்ளடக்கத்தை எவ்வாறு ஆக்கினர், அதில் தமிழுக்கு இடம் எவ்வாறு கிடைத்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் எல்லைகள்

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. இந்தியாவில் கைப்பேசி வழியான முதல் உரையாடல் 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. அடுத்த பத்தாண்டுகளில் பணக்காரர் கையில் மட்டும் இருந்த கருவி உழவர், நெசவாளர், ஆலைத் தொழிலாளர் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்தது.

அன்றைய கருவியின் ஆற்றல் எத்துணை என்பதை இன்றைய மாணவர்கள் அறிதல் வேண்டும். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற நோக்கியா 3310 பேசியின் திரையில் குறுக்கே 84, நெடுக்கே 48 என மொத்தம் 4,032 புள்ளிகளே இருந்தன. வண்ணம் இல்லை, கருப்பு உண்டு, வெறுமை உண்டு, அவ்வளவே. ஆங்கில எழுத்துக்கு ஐந்து புள்ளி அகலம் போதும். தமிழின் ‘ண’கரத்துக்கு மூன்று சுழி வேண்டும், ‘ன’கரத்துக்கு இரண்டு சுழி வேண்டும். புள்ளிகள் குறைந்தால் இரண்டும் ஒன்றாய்க் குழம்பும். மனம் எது, மணம் எது என்று தெரியாமற்போகும். எழுத்துருவை வரைவோர் ஒவ்வொரு புள்ளியையும் எண்ணி வைக்க நேர்ந்தது இதனால்தான்.

எழுபது இடங்களின் கணக்கு

குறுஞ்செய்தியின் அளவு 140 பைட், அதாவது 1,120 பிட். அழைப்புகளை ஒழுங்குபடுத்தும் கட்டுப்பாட்டுத் தடத்தின் வழியே அது செல்வதால் இந்த எல்லை ஏற்பட்டது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதுமாதலின் 160 எழுத்துகள் அடங்கும். தமிழை ஒருங்குறியில் அனுப்பும்போது ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் தேவைப்படுவதால் 70 இடங்களே கிடைக்கும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘மம்சாபுரம்’ என்னும் நம் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் ஆறு. ஆனால் ஒருங்குறியில் மெய்யின் புள்ளியும் துணைக்காலும் உகரக் குறியும் தனித்தனி இடம் பெறுவதால் அப்பெயர் பத்து இடங்களை அடைக்கும். ஆங்கில எழுத்தில் எழுதினாலும் அதற்குப் பத்து இடங்களே. ஆகவே ஒரு செய்தியில் ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் பதினாறு முறை எழுதலாம். தமிழில் ஏழு முறையே எழுதலாம். நீளும் செய்தி இரண்டாய்ப் பிரிந்து இரண்டுக்கும் கட்டணம் பெறும். ஏழைக்குத் தமிழில் எழுதுவது கூடுதல் செலவாக முடிந்தது.

இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்று இருந்தது. பெறுபவரின் பேசியில் தமிழ் எழுத்துரு இல்லையேல் செய்தி வெறுங்கட்டங்களாகவே தோன்றும். எனவே பலரும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதத் தலைப்பட்டனர். வளைகுடா நாட்டில் உழைக்கும் மகன் அவ்வாறு எழுதி அனுப்பிய செய்தியைத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய் எவ்வாறு படிப்பார்? அண்டை வீட்டுப் பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். மகன் தாய்க்கு மட்டும் சொல்ல நினைத்த செய்தி மூன்றாமவர் வாய்வழியே வந்து சேரும். தபாலட்டைக் காலத்தில் எழுத்தறியாதவருக்கு நேர்ந்த நிலை, கைப்பேசிக் காலத்தில் எழுத்தறிந்தவருக்கும் நேர்ந்தது.

தமிழைப் பிற எழுத்தில் எழுதுவது நமக்குப் புதிதன்று. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில் வளர்ந்த அரபுத்தமிழ் அத்தகையதே. ஆனால் அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களை ஆக்கி, ஓர் ஒழுங்கோடு அதை அமைத்தனர் அறிஞர்கள். பெண்களும் அதனைக் கற்றுப் படித்தனர். குறுஞ்செய்தியின் ஆங்கில எழுத்துத் தமிழுக்கு அத்தகைய ஒழுங்கு எதுவும் இல்லை. லகரம், ளகரம், ழகரம் ஆகிய மூன்றையும் அவரவர் விருப்பப்படி எழுதினர்.

செல்லினம் காட்டிய வழி

கருவியில் இல்லாத எழுத்தை மென்பொருளால் தரலாம் என்னும் வழியைத் திறந்தது ஜாவா நுட்பம். 2000 ஆம் ஆண்டையொட்டிக் கைப்பேசிகளுக்கென அமைந்த ஜாவாவில் எழுதிய சிறு நிரல்களைப் பேசியில் நிறுவி இயக்கலாயினர். தொடக்கக்கால நோக்கியா பேசிகள் பலவற்றில் நிரலும் படமும் ஒலியும் சேர்ந்து 64 கிலோபைட் அளவைக் கடக்கக்கூடாது. இன்று நாம் எடுக்கும் ஒரு நிழற்படத்தின் சிறு பகுதிக்கும் அது போதாது.

அந்தச் சிறு வட்டத்துக்குள் தமிழைக் கொண்டுவந்தவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். 1980களிலிருந்தே முரசு மென்பொருள் வாயிலாகக் கணினித் தமிழுக்கு உழைத்துவந்த அவர் உருவாக்கிய ‘செல்லினம்’, 2005 ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் ஒலி 96.8 வானொலியின் துணையோடு அறிமுகமாயிற்று. கைப்பேசியிலிருந்தே தமிழில் எழுதி அனுப்பவும், வந்ததைத் தமிழிலேயே படிக்கவும் அது வழிசெய்தது.

பன்னிரண்டே விசைகளில் 247 எழுத்துகளை எவ்வாறு எழுதுவது என்று சிலர் ஐயுறலாம். இதற்கு விடை நம் இலக்கணத்திலேயே உள்ளது. தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது என வகுத்தார். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் இருந்தால் உயிர்மெய் 216ஐயும் சேர்க்கையால் பெறலாம். மெய்யை அழுத்தி உயிரை அழுத்தினால் உயிர்மெய் திரையில் தோன்றும். பழைய இலக்கணப் பாகுபாடு புதிய கருவிக்குப் பொருந்தி நின்றதைத் தமிழ் மாணவர்கள் பெருமையோடு எண்ணலாம்.

உரையாடும் உள்ளடக்கம்

எழுத்து வந்தால் மட்டும் போதாது. பயனர் தேர்ந்தெடுக்கவும் அதற்கேற்ப விடை பெறவும் இடம் வேண்டும். இதற்கான முதல் முயற்சிகளுள் ஒன்று ‘வாப்’ என்னும் முறை. அதில் பக்கங்கள் சீட்டுகளாகவும், அவற்றின் தொகுதி சீட்டுக்கட்டாகவும் கருதப்பட்டன. ஒருமுறை இணைத்தாலே ஒரு கட்டு முழுவதும் வந்துவிடும். பின்னர்ப் பயனர் சீட்டு மாற்றிச் சீட்டாகப் படிக்கலாம். 1999 இல் வந்த நோக்கியா 7110 இம்முறையில் இயங்கிய முதல் பேசிகளுள் ஒன்று.

அடுத்து வந்தது ‘ஃபிளாஷ் லைட்’. 2003 இல் ஜப்பானின் டோகோமோ நிறுவனப் பேசிகளில் இது இடம்பெற்றது. படத்தைப் புள்ளி புள்ளியாக அனுப்பாமல், இங்கிருந்து அங்குவரை கோடு வரைக, இவ்வண்ணம் தீட்டுக என்னும் கட்டளைகளை மட்டும் அனுப்பும் முறை இது. கோலத்தின் படத்தை அனுப்பாமல், புள்ளிக் கணக்கையும் கோடிழுக்கும் முறையையும் எழுதி அனுப்புவதற்கு இதனை ஒப்பிடலாம். அதனால் சிறிய கோப்பிலேயே அசையும் படங்களும் விளையாட்டுகளும் அடங்கின.

நம் நாட்டில் நோக்கியா நிறுவனம் 2009 இல் ‘லைஃப் டூல்ஸ்’ என்னும் சேவையைத் தொடங்கியது. வேளாண்மை, கல்வி, பொழுதுபோக்கு ஆகியவை படக்குறிகளோடு இந்திய மொழிகளில் தோன்றின. இணைய இணைப்பு வேண்டியதில்லை. பின்னணியில் வந்தது குறுஞ்செய்தியே. வந்த குறிப்பைப் பேசியிலிருந்த நிரல் அழகுற அடுக்கிக் காட்டியது. அச்சேவை சில ஆண்டுகளில் நின்றுபோயினும், எளிய வழியில் செறிவான பொருளைத் தரலாம் என்பதை அது மெய்ப்பித்தது.

மீனவர் கையில் ஒரு சான்று

நம் ஊருக்குக் கடல் இல்லை. ஆயினும் தமிழகக் கடற்கரையில் நிகழ்ந்த ஒரு முயற்சி நமக்கும் பாடமாகும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களின் இறுதியில் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் அறிவு மையம் அமைத்து, அலையின் உயரத்தை ஒலிபெருக்கி வழியே மீனவர்க்கு அறிவித்துவந்தது. கரையில் இருப்போர்க்கு அது கேட்கும். கடலுக்குள் சென்றவர்க்குக் கேட்காது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபின் இக்குறை எத்துணைப் பெரிது என்பது அனைவர்க்கும் புலனாயிற்று.

பின்னர் அந்நிறுவனம் குவால்காம், டாட்டா தொலைத்தொடர்பு நிறுவனங்களோடு இணைந்து, மீனவர்க்கென ஒரு கைப்பேசி நிரலைத் தமிழில் உருவாக்கியது. அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கும் பகுதி, சந்தை விலை என்பன அதன் தலைப்புகள். மீனவர் விரும்பியதைத் தேர்ந்தால் விடை வரும். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் கடல்நிலைக் கணிப்புகள் இதற்கு ஆதாரமாயின. திறன்பேசிகள் பரவியபின் ஆண்டிராய்டு வடிவிலும் இது வெளிவந்தது.

இங்குக் கவனிக்கத்தக்கது, அந்நிரலை ஆக்கியோர் எதைச் சேர்த்தனர் என்பதைவிட எதை விட்டனர் என்பதே. ஈரக் கையோடு, ஆடும் படகில், வெயில் கூசும் திரையைப் பார்ப்பவர்க்கு நீண்ட விளக்கம் பயன்படாது. போகலாமா, வேண்டாமா என்று முடிவு செய்ய எந்த எண் வேண்டுமோ அதுவே முதலில் வரவேண்டும்.

நிறைவுரை

இன்று திரை பெரிதாயிற்று. 64 கிலோபைட் எல்லை மறைந்தது. தமிழ் எழுத்துரு எல்லாத் திறன்பேசிகளிலும் உள்ளது. ஃபிளாஷ் நுட்பமும் 2020 டிசம்பர் 31 உடன் ஆதரவு நின்று மறைந்தது. கருவிகள் வரும், போகும். ஆனால் படிப்பவர் யார், அவர் கையில் இருப்பது எது, அவர் அறிந்த எழுத்து எது என்னும் மூன்று வினாக்களும் மறையவில்லை. மம்சாபுரத்துத் தென்னந்தோப்பு உழவர்க்கோ, இராசபாளையத்து நூற்பாலைக்கு இரவுப் பணி செல்லும் தங்கைக்கோ, மகனின் செய்திக்குக் காத்திருக்கும் தாய்க்கோ ஒரு செயலியை ஆக்க முற்படும் மாணவர் இவ்வினாக்களிலிருந்தே தொடங்கல் வேண்டும்.

கருவியில் தமிழுக்கு இடம் தானாக வந்ததன்று. புள்ளி புள்ளியாக எண்ணி, இடம் இடமாகக் கேட்டுப் பெற்றது. அவ்விடத்தைப் பயனுள்ள பொருளால் நிரப்பும் கடமை இனித் தமிழ் கற்கும் மாணவச் செல்வங்களுடையது.