நூலை விற்பதும் நகலை விற்பதும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்க்குத் தமிழ் நூல் கிடைப்பது எளிதன்று. ஊருக்குச் சென்றவர் கொணர்ந்த ஒரு பிரதியே பல வீடுகளைச் சுற்றி வரும். அதனைக் காணும் தமிழ்ச் சங்கத்தார், "நூறு நகல் எடுத்து அடக்க விலைக்கே கொடுத்தால் என்ன? நமக்கு இலாபம் வேண்டாமே!" என்று எண்ணுவதுண்டு. எண்ணம் நல்லதே, ஆயினும் சட்டம் அதற்கு இடந்தருகின்றதா என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

நூல் ஒன்றில் இரண்டு உடைமைகள் அடங்கியுள்ளன. தாளும் அட்டையும் சேர்ந்த பிரதி ஒன்று. அதிலுள்ள எழுத்தைப் பெருக்கி வெளியிடும் உரிமை மற்றொன்று. விலை கொடுத்து வாங்குவோர்க்கு முன்னது மட்டுமே சொந்தமாகும். பின்னது ஆசிரியரிடமோ, அவரிடமிருந்து அதனைப் பெற்ற பதிப்பாளரிடமோ இருக்கும். 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையிலுள்ள 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை இதுவே.

ஆகவே, முறையாக அச்சாகிச் சந்தைக்கு வந்த புத்தகத்தைப் படித்தபின் விற்பது குற்றமன்று. தில்லியில் பல்லாண்டுகள் தரியாகஞ்சு நடைபாதையில் நடந்து, 2019-இல் இடம் மாறிய ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய நூல்கள் கைமாறுவது இவ்வாறே. ஆனால் அநுமதியின்றி நகலெடுத்து விற்பதும், பிறர் எடுத்த கள்ளப் பிரதியை அறிந்தே விற்பதும் குற்றமாகும். அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். வாணிக இலாபம் கருதாதவர்க்கு நீதிமன்றம் தக்க காரணங்காட்டித் தண்டனையைக் குறைக்கலாமே யன்றி, இலாபமின்மையால் மட்டும் குற்றம் நீங்கிவிடாது.

விலக்குகளும் உண்டு. சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் நகலெடுக்கலாம். ஆசிரியர் பாடம் நடத்துவதற்கு வேண்டிய பகுதிகளை மாணவர்க்கு நகலெடுத்து அளிக்கலாம். தில்லிப் பல்கலைக்கழகப் பாடத்தொகுப்புகள் பற்றிய வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2016-இல் இக்கருத்தையே வலியுறுத்திற்று. எனினும் முழு நாவலை நகலெடுத்து விழாவில் விற்பதற்கு இவ்விலக்கு துணை நில்லாது.

பதிப்புரிமைக்குக் கால எல்லையும் உண்டு. ஆசிரியர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அது நிற்கும். 1954-இல் மறைந்த கல்கியின் வாழ்நாளில் வெளிவந்த எழுத்துக்களுக்கு 2014-ஆம் ஆண்டின் இறுதியே அவ்வெல்லை. அரசே உரிமையைப் பெற்றுப் பொதுவாக்குவதும் உண்டு. பாரதியார் நூல்களின் உரிமையை 1949-இல் சென்னை அரசு ஏற்றது. இத்தகைய நூல்களை எவரும் அச்சிட்டு விற்கலாம். ஆனால் பிற்காலப் பதிப்பாசிரியரின் முன்னுரை, குறிப்புரை, பிறர் செய்த மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டென்பதை மறத்தலாகாது.

எஞ்சிய நூல்களுக்கு வழி எளிது. சங்கத்தார் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி, நூறு பிரதிகளைக் கழிவு விலையில் ஒருங்கே கேட்கலாம். பதிப்பு தீர்ந்திருப்பின், மறுபதிப்புக்கோ நகலுக்கோ எழுத்து மூலம் அநுமதி வேண்டலாம். தமிழில் எழுதுவோர்க்கு விற்பனையால் வரும் ஊதியம் பெரிதன்று. தொலைவிலிருந்தும் தமிழை நாடும் நாம், அச்சிறு ஊதியத்தைக் குறைப்பவர்களாக இருத்தல் தகாது.