முட்டியில் 2, 3 லிகமென்ட் ஒன்றாகக் கிழிந்தால்... முதலில் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்!

ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் ஷிஃப்ட் விடும் நேரம், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் டூவீலர் நெரிசல். வண்டியோடு சாய்ந்து முட்டி வீங்கியவருக்கு எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு உடையல, ஜவ்வுதான்" என்றால் வீட்டில் நிம்மதி. சில சமயம் அந்த நிம்மதிதான் ஆபத்து.

முழங்காலைப் பிடித்து நிறுத்துபவை 4 முக்கிய லிகமென்ட்கள். உள்ளே குறுக்காக ஏசிஎல், பிசிஎல். பக்கத்துக்கு ஒன்றாக எம்சிஎல், எல்சிஎல். கபடியில் கால் திருகி ஏசிஎல் மட்டும் கிழிவது வேறு கதை. ஒரே அடியில் பல கிழிந்திருந்தால், முட்டி ஒரு நொடி கழன்று தானாகவே உள்ளே போயிருக்கலாம். எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம். ஆனால் முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் இழுபட்டு அடைபட்டிருந்தால், 6 முதல் 8 மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். தவறினால் காலையே இழக்க நேரிடலாம். பாதம் சில்லிட்டிருக்கிறதா, விரல்களை மேலே தூக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. நாடி கிடைத்தாலும் கணுக்கால் பிபியைக் கை பிபியோடு ஒப்பிடுவார்கள், விகிதம் 0.9-க்குக் கீழே போனால் ஆஞ்சியோ ஸ்கேன்.

லிகமென்ட் ஆபரேஷன் அதற்குப் பிறகுதான். முட்டியின் வெளிப்பக்கக் கிழிசல் என்றால் பெரும்பாலும் 3 வாரத்துக்குள் செய்யப் பார்ப்பார்கள். தாமதித்தால் திசு தழும்பாகி, தைக்கவே வராது. எம்சிஎல் பல நேரம் பிரேஸ் போட்டாலே ஆறிவிடும். ஏசிஎல், பிசிஎல்லைத் தைப்பதைவிட, வேறு தசைநாரை எடுத்துப் புதிதாகக் கட்டுவதே வழக்கம். தொடைப் பின்புறத்தில் எடுத்தது போதாவிட்டால் கணுக்கால் பக்கமிருந்தோ மறு காலிலிருந்தோ எடுப்பார்கள். எலும்பில் போடும் துளைகள் ஒன்றோடொன்று மோதக் கூடாது. அதுதான் இதில் பெரிய சவால். பிசிஎல்லை முதலில் இறுக்கினால்தான் கால் எலும்பு சரியான இடத்தில் நிற்கும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிப்பதா, இரண்டு தவணையாகவா? டாக்டர்களிடையே இன்னும் விவாதம் ஓயவில்லை.

ரிஷப் பந்த் நினைவிருக்கிறதா? 2022 டிசம்பர் 30-ல் ரூர்க்கி அருகே கார் விபத்து, அடுத்த மாதமே மும்பையில் முட்டி ஆபரேஷன். ஐபிஎல் களத்துக்குத் திரும்பியது 2024 மார்ச்சில். பிசியோவும் பயிற்சியாளர்களும் கூடவே இருந்த அவருக்கே அத்தனை காலம். நாள் முழுக்க நின்று தைப்பவருக்கு?

காசு விஷயமும் இருக்கிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரத்துக்கானது. லிகமென்ட் ஆபரேஷன் பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் வரும். ஆனால் இஎஸ்ஐ உள்ளவர் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டால், அதை வேலை சார்ந்த காயமாகக் கருத சட்டத்தில் இடமுண்டு. ஏற்கப்பட்டால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90% கிடைக்கும். விபத்து நடந்த நேரம், வழி இரண்டையும் கம்பெனியில் உடனே எழுத்தில் கொடுத்து வைக்க வேண்டும்.